அப்ரைட் பியானோவில் ஆக்‌ஷன் இடம் மாறினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். வீடு மாற்றிய மறுவாரம், உள்ளே விழுந்த பென்சிலை எடுக்க ஆக்‌ஷனைக் கழற்றிய மறுநாள், முதல் மழைக்குப் பிறகு என்று எனக்கு வரும் அழைப்புகளில் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆக்‌ஷன்னா எது? அது எது மேல நிக்குது?

அப்ரைட் என்பது தந்திகள் செங்குத்தாக நிற்கும் பியானோ. அதன் மேல்மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால், தந்தியை அடிக்கும் ஹாமர்கள் வரிசையாக நிற்பது தெரியும். அந்த ஹாமர்கள், ஒலியை அடக்கும் டாம்பர்கள், அவற்றை இயக்கும் சிறு மரப்பாகங்கள் எல்லாம் ஒரே சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். அந்த மொத்தத் தொகுதிக்குப் பெயர்தான் ஆக்‌ஷன். விரலால் அழுத்தும் 88 கட்டைகளுக்கும் சேர்த்து அது ஒரே துண்டாக வெளியே வரும்.

அந்தச் சட்டத்தைத் தாங்குபவை மூன்று அல்லது நான்கு உலோக பிராக்கெட்டுகள். ஒவ்வொரு பிராக்கெட்டின் அடியிலும் ஒரு குழிவு இருக்கும். கட்டைகளுக்குக் கீழே உள்ள அடிப்பலகையிலிருந்து உருண்டைத் தலையோடு ஒரு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும். குழிவு அந்த உருண்டையின் மேல் உட்காரும். இதைப் பந்து போல்ட் என்று சொல்கிறேன். பிராக்கெட்டின் மேல்முனை, இரும்பு பிரேம் பக்கமிருந்து வரும் நீள போல்ட்டில் மாட்டிக்கொள்ளும். அதன் முன்னால் கையால் திருகும் குமிழ் நட்டு ஒன்று இருக்கும். ஆக்‌ஷனின் உயரத்தைக் கீழே உள்ள பந்தும், தந்தியிலிருந்து அது நிற்கும் தூரத்தை மேலே உள்ள போல்ட்டும் தீர்மானிக்கின்றன. இந்தப் பக்கம் முழுக்க இந்த ஏழெட்டு இடங்களைப் பற்றித்தான்.

சுருதி போனதா, ஆக்‌ஷன் நகர்ந்ததா? காதுல கேட்டா தெரியுமா?

ஓரளவு தெரியும். சுருதி கலைந்தால் ஸ்வரம் அலையடிக்கும், அல்லது ஸ்தானம் தவறி ஒலிக்கும். ஆக்‌ஷன் நகர்ந்தால் ஸ்வரம் சரியாகவே இருக்கும், குரல் மாறிவிடும். நடுப்பகுதியிலும் மேல்பகுதியிலும் ஒரு ஸ்வரத்துக்கு மூன்று தந்திகள். ஹாமர் ஓரமாகச் சரிந்து இரண்டை மட்டும் அடித்தால் ஒலி மெலியும். பக்கத்து ஸ்வரத்தின் தந்தியையும் தொட்டால் அபசுரம் கூடவே கேட்கும். டாம்பர் சரியாக உட்காராவிட்டால் விரலை எடுத்த பிறகும் ஒலி இழுக்கும். பலமாக வாசிக்கும்போது உள்ளே ‘டக் டக்’ என்று தட்டினால் குமிழ் நட்டு தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இதைவிட நம்பகமான சாட்சி ஹாமரின் நுனியிலேயே இருக்கிறது. பல ஆண்டுகள் தந்தியை அடித்து அடித்து, கம்பளிக் கட்டியில் மூன்று பள்ளக் கோடுகள் விழுந்திருக்கும். ஒரு ஹாமரை விரலால் மெல்லத் தள்ளித் தந்தியில் வைத்துப் பாருங்கள். தந்திகள் அந்தப் பழைய பள்ளங்களில் போய் விழுந்தால் ஆக்‌ஷன் தன் இடத்தில் இருக்கிறது. பள்ளத்துக்குப் பக்கத்தில் விழுந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடும்.

ஒரு ஹாமர் மட்டும் கோளாறா, மொத்த ஆக்‌ஷனும் கோளாறா? எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது?

என்னிடம் வரும் கேள்விகளில் எனக்கு மிக முக்கியமானது இதுதான். தாழ்ஸ்வரப் பக்கம் இரண்டு, நடுவில் நான்கு, மேல்ஸ்வரப் பக்கம் நான்கு என்று பத்து ஹாமர்களையாவது பள்ளச் சோதனை செய்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று விதமான முடிவு வரலாம்.

எல்லாமே ஒரே பக்கம், ஒரே அளவு விலகியிருந்தால் மொத்த ஆக்‌ஷனும் நகர்ந்திருக்கிறது. ஒரு முனையில் சரியாக இருந்து மறுமுனை நோக்கிப் போகப்போக விலகல் கூடினால், அந்த முனை பிராக்கெட் உயர்ந்தோ தாழ்ந்தோ முன்பின்னாகவோ நிற்கிறது. ஆங்காங்கே ஓரிரண்டு மட்டும் விலகியிருந்தால் அந்த ஹாமரைப் பிடித்திருக்கும் சிறு திருகு தளர்ந்திருக்கிறது. பிராக்கெட்டை நீங்கள் தொடவே வேண்டாம்.

ஒரு தேவாலயத்தில் இந்த மூன்றாவதை முதலில் நினைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் வந்தவர் மேல்ஸ்வரப் பகுதியின் ஹாமர்களை ஒவ்வொன்றாகச் சாய்த்து, டாம்பர் கம்பிகளையும் ஒவ்வொன்றாக வளைத்திருந்தார். வலது ஓர பிராக்கெட் பந்தின் மேல் உட்காராமல் அதன் தோளில் ஏறி நின்றதுதான் உண்மையான கோளாறு. அதைப் பந்தின் மேல் இறக்கி வைக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. வளைத்த கம்பிகளைப் பழையபடி நிமிர்த்த இரண்டு நாள் போயிற்று. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: தாங்கும் இடங்களைப் பார்க்காமல் 88 இடங்களில் கை வைக்காதீர்கள்.

லாரியில வந்ததுக்கு அப்புறம்தான் இப்படி ஆச்சு. பியானோ கீழ விழவே இல்லையே?

விழ வேண்டியதில்லை. சாய்வாகப் படியேற்றும்போது ஆக்‌ஷனின் முழுப் பாரமும் மேல் போல்ட்டுகளில் தொங்கும். குமிழ் நட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தால் பிராக்கெட் பந்திலிருந்து எம்பி, திரும்ப நிமிர்த்தும்போது வேறு இடத்தில் இறங்கும். மெல்லிய போல்ட் வளைந்தும்விடும். ஏற்றுவதற்கு முன் எல்லாக் குமிழ்களையும் விரலால் இறுக்கிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

நானே திறந்து பார்க்கலாமா? என்னென்ன சாமான் வேணும்?

பார்க்கலாம். டார்ச், மில்லிமீட்டர் அளவுகோல், ஒரு திருப்புளி, சரியான அளவு ஸ்பேனர், பென்சில், செய்தித்தாளிலிருந்து கிழித்த சில காகிதத் துண்டுகள் போதும். எதையும் திருப்பும் முன் நான்கு பக்கமிருந்தும் போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு நட்டின் நிலையையும் பென்சிலால் குறியுங்கள். எத்தனை சுற்றுத் திருப்பினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். 6 மி.மீ. மெட்ரிக் மரை என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். ஆக்‌ஷனைப் பொறுத்தவரை அது பெரிய நகர்வு.

தந்திகளையும் சுருதி ஆணிகளையும் தொடாதீர்கள். எல்லாத் தந்திகளின் இழுவிசையையும் கூட்டினால் 18 முதல் 20 டன் வரை வரும். அதைத் தாங்குவது அந்த வார்ப்பிரும்பு பிரேம். அதன் மேல் சுத்தியல் படவே கூடாது, வார்ப்பிரும்பு வளையாது, வெடிக்கும்.

ஆக்‌ஷனை வெளியே எடுக்கறது எப்படி?

பல சமயம் எடுக்காமலே வேலை முடிந்துவிடும். எடுத்தே ஆகவேண்டுமென்றால் இரண்டு பேர் வேண்டும். மேல்மூடியைத் திறந்து, முன் பலகையை அதன் இரு ஓரக் கொக்கிகளைத் திருப்பி எடுங்கள். கட்டைகளை மூடும் பலகையையும், சத்தம் குறைக்கும் கம்பளித் திரை இருந்தால் அதையும் கழற்றுங்கள். வலது பெடலிலிருந்து மேலே வரும் மரக்குச்சி ஆக்‌ஷனை எங்கே தொடுகிறது என்று பார்த்து வையுங்கள். பிறகு குமிழ் நட்டுகளைக் கழற்றி, ஆக்‌ஷனின் மேல்பக்கத்தை உங்களை நோக்கி மெல்லச் சாயுங்கள். போல்ட் முனைகளில் ஓர ஹாமர்கள் இடிக்கும், அங்கே ஒரு கண் இருக்கட்டும். டாம்பர்கள் தந்தியை விட்டு விலகியதும் இரு ஓர பிராக்கெட்டுகளைப் பிடித்து நேராக மேலே தூக்குங்கள்.

ஹாமர்கள் சாய்ந்திருக்கும் நீளக் கம்பையோ டாம்பர் தண்டையோ பிடித்துத் தூக்கக் கூடாது, அவை அந்தப் பாரத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. வெளியே வந்த ஆக்‌ஷன் தானாக நிற்காது. மேசையில் துணி விரித்து, சுவரோடு சாய்த்து வையுங்கள். ஆக்‌ஷன் போனதும் சில கட்டைகள் முன்பக்கமாகச் சாயலாம். பின்னால் இருந்த பாரம் போனதால் அப்படி, அது பழுதில்லை.

மேல இருக்கற குமிழை நல்லா இறுக்கினா சரியாயிடும்னு சொல்றாங்களே?

தளர்ந்திருந்தால் இறுக்க வேண்டியதுதான். ஆனால் இறுக்கும்போது ஆக்‌ஷன் நகர்ந்தால் நீங்கள் கோளாறைச் சரிசெய்யவில்லை, சட்டத்தை வளைக்கிறீர்கள். பிராக்கெட் இயல்பாக நிற்கும் இடத்திலேயே அதைப் பிடித்து வைப்பது மட்டும்தான் குமிழின் வேலை.

இப்படிச் சோதியுங்கள். எல்லாக் குமிழ்களையும் நான்கைந்து சுற்றுத் தளர்த்துங்கள். ஆக்‌ஷன் பந்துகளின் மேல் தன் பாரத்தில் நிற்கட்டும், மேல்பக்கத்தை மட்டும் ஒரு கையால் தாங்குங்கள். ஒவ்வொரு பிராக்கெட்டையும் லேசாக அசைத்துப் பாருங்கள். நான்கு கால் மேசையில் ஒரு கால் குட்டையாக இருந்தால் எப்படி ஆடுமோ, அப்படி ஒன்று ஆடினால் அதன் பந்து தாழ்ந்திருக்கிறது. அடுத்து, மேல் போல்ட்டில் பிராக்கெட்டுக்குப் பின்னால் உள்ள நட்டுக்கும் (சிலவற்றில் நட்டுக்குப் பதில் தோள் இருக்கும்) பிராக்கெட்டுக்கும் நடுவில் காகிதத் துண்டைச் செருகி, ஆக்‌ஷனை மெல்லப் பின்னால் சாய்த்து விடுங்கள். எல்லா இடத்திலும் காகிதம் ஒரே மாதிரிப் பிடிக்க வேண்டும். ஓரிடத்தில் லேசாக உருவிக்கொண்டு வந்தால் அந்தப் பின்நட்டைப் பிராக்கெட் வரை முன்னால் கொண்டுவர வேண்டும். காகிதத்தை எடுத்துவிட்டுக் குமிழ்களை விரலால் மட்டும் இறுக்குங்கள். பிளேயர் வேண்டாம்.

எப்போதும் முதலில் கீழே, பிறகு மேலே. பந்துகள் சரியாகாமல் மேல் போல்ட்டைத் திருப்பினால் இரண்டு தடவை வேலை செய்ய நேரும்.

பந்து போல்ட்டை எவ்வளவு ஏத்தணும், எவ்வளவு இறக்கணும்?

இதற்கு ஒரே எண் கிடையாது, பியானோதான் சொல்ல வேண்டும். கட்டையின் பின்முனையில் கேப்ஸ்டன் என்ற சிறு திருகு இருக்கும். ஆக்‌ஷனின் அடிப்பாகம் அதைத் தொட்டும் தொடாமலும் உட்கார வேண்டும். ஆக்‌ஷன் உயரமாக நின்றால் நடுவில் இடைவெளி விழுந்து, கட்டை கொஞ்ச தூரம் சும்மா இறங்கிய பிறகே ஹாமர் அசையும். தாழ்ந்து நின்றால் ஹாமர்கள் தங்கள் கம்பில் சாயாமல் எம்பி நிற்கும். ஜாக் என்ற சிறு பாகம் ஹாமரின் அடிக்குத் திரும்ப வர முடியாது. ஒரு ஸ்வரத்தை வேகமாகத் திரும்ப அடித்தால் இரண்டாவது அடி விழாது. எல்லாக் கட்டைகளிலும் இது ஒரே மாதிரி இருந்தால் மட்டும் பந்தைத் தொடுங்கள்.

உயரம் இன்னொன்றையும் மாற்றுகிறது, தந்தியில் ஹாமர் அடிக்கும் புள்ளியை. நீளமான தாழ்ஸ்வரத் தந்தியில் ஒரு மில்லிமீட்டர் மேலே கீழே போனால் காதுக்குத் தெரியாது. கடைசி மேல்ஸ்வரத்தில் ஒலிக்கும் தந்தியின் நீளமே 5 செ.மீ. சொச்சம்தான். அங்கே ஒரு மில்லிமீட்டர் குரலையே மாற்றிவிடும். அதனால் வலது ஓரப் பந்தைச் சரிசெய்யும்போது நான் 88ஆம் கட்டையைத் தட்டிக்கொண்டே கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புவேன். மரக்கட்டையைத் தட்டியது போல் இருந்த ஒலி ஓரிடத்தில் மணி போலத் தெளியும். அதுதான் அதன் உயரம். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த நிமிடமும் அதுதான்.

ஹாமருக்கும் தந்திக்கும் எவ்வளவு தூரம் இருக்கணும்?

ஹாமர் ஓய்வில் இருக்கும்போது அதன் நுனிக்கும் தந்திக்கும் பெரும்பாலான அப்ரைட்களில் 45 முதல் 47 மி.மீ. இருக்கும். ஆனால் இந்த ஓர் அளவை மட்டும் வைத்து மேல் போல்ட்டைத் திருப்பாதீர்கள். ஹாமர்கள் சாயும் கம்பின் அடிக்கம்பளம் தேய்ந்தாலும் இது மாறும். ஹாமரைத் தந்தியில் தொட வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். தொடும் நொடியில் ஹாமரின் தண்டும் தந்தியும் ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும். தண்டு தந்தி பக்கம் கவிழ்ந்திருந்தால் ஆக்‌ஷன் தள்ளி நிற்கிறது. உங்கள் பக்கம் சாய்ந்திருந்தால் நெருங்கி நிற்கிறது.

அப்போ ஹாமர் தேஞ்சு போயிருந்தா, ஆக்‌ஷனையே தந்தி பக்கம் தள்ளிடலாமே?

தேய்ந்த ஹாமர் குட்டையாவதால் தந்தியைத் தொடும்போது தண்டு கவிழும் என்பது உண்மை. ஆனால் தேய்மானம் எல்லா ஹாமரிலும் ஒன்றாக இருப்பதில்லை. அதிகம் வாசிக்கும் நடுப்பகுதியில்தான் கூடுதல். நடுவுக்காக ஆக்‌ஷனை நகர்த்தினால் இரு ஓரமும் கெடும், டாம்பர்களும் தந்தியை அதிகம் அழுத்தும். ஹாமருக்கு உள்ள வைத்தியத்தை ஹாமரிலேயே செய்யுங்கள்.

எல்லா ஹாமரும் இடது பக்கம் போயிருக்கு. தள்ளி வைச்சா போதுமா?

பந்தும் குழிவும் சரியாக இருந்தால் ஆக்‌ஷன் பக்கவாட்டில் நகர வழியே இல்லை. நகர்ந்திருக்கிறது என்றால் மூன்றில் ஒன்று: குழிவு பந்தின் மேல் இல்லை, பந்து போல்ட் சாய்ந்திருக்கிறது, அல்லது அது நிற்கும் மரம் நகர்ந்திருக்கிறது. முதலாவது என்றால் தூக்கிச் சரியாக இறக்கினால் போதும். வளைந்த போல்ட்டைப் பியானோவில் இருந்தபடியே தட்டி நிமிர்த்தாதீர்கள். கழற்றி, வைஸில் பிடித்து நிமிர்த்துங்கள், அல்லது புதிது போடுங்கள். பழைய போல்ட்டை மாதிரிக்குக் கொடுத்தால் லேத் பட்டறையில் பந்துத் தலையோடு அப்படியே கடைந்து தருவார்கள். மரையை மட்டும் சொல்லிவிடுங்கள். ஜப்பான் பியானோ என்றால் மெட்ரிக், பழைய இங்கிலாந்து பியானோ என்றால் அங்குல மரை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும், பாதி தூரம் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும்.

பந்து போல்ட்டைத் திருப்பினா மரத்துக்குள்ள சும்மா சுத்துது. பசை ஊத்தலாமா?

ஓட்டைக்குள் பசை ஊற்றித் திருகுவது இரண்டு மாதம் தாங்கும். பிறகு யாராலும் கழற்ற முடியாத கோளாறாக மாறும். போல்ட்டை எடுத்துவிட்டு ஓட்டையைச் சுத்தமான வட்டமாகப் பெரிதாக்கி, கடினமான மரத்தில் செய்த முளையை மரப்பசையோடு அடித்து, ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, பழைய மையத்திலேயே சிறு துளையிட்டுத் திருக வேண்டும். அந்த மையம் தவறினால் மொத்த ஆக்‌ஷனும் தவறும், அதனால் துளையிடும் முன் பக்கத்துப் பந்துகளிலிருந்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பலகை கரையான் அரித்ததா என்று திருப்புளி முனையால் குத்திப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் முளை அடிப்பதில் பயனில்லை, பலகையையே மாற்ற வேண்டும்.

பெசன்ட் நகர்ல இருக்கோம். மேல் போல்ட் துருப்பிடிச்சுத் திரும்பவே மாட்டேங்குது.

கடற்காற்று படும் வீடுகளில் இது சகஜம். துரு விடும் எண்ணெயைப் பஞ்சு சுற்றிய குச்சியில் தொட்டு மரையில் மட்டும் வையுங்கள். ஸ்ப்ரே அடித்தால் அது தந்தியிலும் ஹாமர் கம்பளத்திலும் போய்ப் படியும், எடுக்கவே முடியாது. இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசையுங்கள். அப்படியும் அசையாவிட்டால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். போல்ட் பிரேமுக்குள் முறிந்தால் அதை வெளியே எடுப்பது பெரிய வேலை.

பிராக்கெட்டே உடைஞ்சிருக்கு. வெல்டிங் வைக்கலாமா?

வார்ப்பு உலோகத்தைச் சாதாரண வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்ப விரிசல் விடும். சூட்டில் வடிவம் கோணினாலும் போச்சு. உடைந்த இரு துண்டையும் சேர்த்து வைத்து, பக்கத்தில் எஃகுப் பட்டி ஒன்றைச் சிறு திருகுகளால் பூட்டுவதுதான் நான் செய்வது. பழைய பிராக்கெட் சாம்பல் நிறத்தில் பொருபொருவென்று உதிர்ந்தால் அதில் திருகு பிடிக்காது. மற்ற பிராக்கெட்டை மாதிரியாக வைத்துப் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

திரும்ப மாட்டினேன். இப்போ எந்த ஸ்வரமும் நிக்காம ஒலிச்சுக்கிட்டே இருக்கு!

பதறாதீர்கள். பெரும்பாலும் வலது பெடலின் மரக்குச்சி தன் குழியில் இறங்காமல், டாம்பர்களை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும். குச்சியைச் சரியாக உட்கார வையுங்கள். அதுவும் சரியென்றால், ஆக்‌ஷன் பந்தின் மேல் முழுதாக இறங்காமல் முன்னால் சாய்ந்து நிற்கிறது. காகிதச் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் அந்தப் பக்கத்துப் பந்தைப் பாருங்கள்.

எங்க தாத்தா காலத்து இங்கிலீஷ் பியானோ. ஹாமருக்கு முன்னால கம்பிக் கூண்டு மாதிரி இருக்கு. இதுக்கும் இதே முறையா?

அந்தக் கம்பிகள் ஹாமர்களுக்கு மேலே உள்ள டாம்பர்களை இயக்குபவை. இந்த வகையில் நான் பார்த்த பலவற்றில் உலோக பிராக்கெட்டுக்குப் பதிலாக இரு ஓரத்திலும் மரத் தாங்கிகள்தான் இருந்தன. அவை பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய மரத்துண்டின் மேல் உட்காரும். அந்தக் காலத்து வச்சிரப் பசை நம் ஈரக்காற்றில் விட்டுப்போய், மரத்துண்டு ஒரு பக்கம் இறங்கியிருக்கும். பந்து இல்லாததால் உயரத்தை மெல்லிய மரச்சீவலோ அட்டையோ வைத்துத்தான் சரிசெய்ய முடியும். பள்ளச் சோதனையும் அதன் மூன்று வித முடிவும் இதற்கும் பொருந்தும். ஆனால் வெளியே எடுப்பதை மட்டும் பழகியவரிடம் விடுங்கள், ஒரு கம்பி மாட்டி வளைந்தால் அதோடு நான்கு சேர்ந்து வளையும்.

ஐப்பசி கார்த்திகைல மட்டும் டாம்பர் சரியா உட்கார மாட்டேங்குது. வெயில் வந்தா தானா சரியாகுது.

அப்படியானால் போல்ட்டைத் தொடவே தொடாதீர்கள். மழையில் அடிப்பலகையும் கட்டைகளும் டாம்பர் கம்பளமும் ஊறி உப்புகின்றன, காய்ந்ததும் இறங்குகின்றன. மழையில் திருப்பியதைச் சித்திரையில் மறுபடி திருப்ப நேரும். இப்படி வருடா வருடம் திருப்பியே மரை தேய்ந்த போல்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். பியானோவை வெளிச்சுவரை விட்டுத் தள்ளிப் போடுங்கள். பகலில் நான்கு மணி நேரம் ஏ.சி. போட்டு, பிறகு ஜன்னலைத் திறந்துவிடும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். இரண்டு மழைக்காலம் கடந்தும் ஒரே இடத்தில் ஒரே கோளாறு இருந்தால் அப்போது பார்க்கலாம்.

எல்லாம் சரி பண்ணியாச்சு. இனி 88 கட்டையையும் மறுபடி ரெகுலேட் பண்ணணுமா, அதாவது ஒவ்வொண்ணா அளவு சரி பண்ணணுமா?

ஆக்‌ஷன் நகர்வதற்கு முன் பியானோ நன்றாக இருந்தது, நடுவில் யாரும் தனித்தனிப் பாகங்களைத் திருப்பவில்லை என்றால், பெரும்பாலும் வேண்டியிருக்காது. ஹாமர்கள் பழைய பள்ளங்களுக்குத் திரும்பியதும் மற்றவையும் பின்தொடரும். இருந்தாலும் பத்துக் கட்டைகளை மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஹாமர் தந்தியைத் தொடுவதற்கு ஏறக்குறைய 3 மி.மீ. முன்பு விடுபட்டுத் திரும்ப வேண்டும். தந்தியோடு ஒட்டி நின்றால் ஆக்‌ஷன் நிற்கும் இடம் இன்னும் சரியில்லை.

ஒரு வாரம் வழக்கம்போல வாசித்துவிட்டு, குமிழ்களை மறுபடி விரலால் தொட்டுப் பாருங்கள். புதிதாக அடித்த முளை கொஞ்சம் அமுங்கியிருக்கும், ஒன்றிரண்டு குமிழ் அரைச் சுற்று வாங்கும். ஆறு மாதம் கழித்துச் சுருதி சேர்க்க வருபவரிடம் எந்தப் போல்ட்டை எத்தனை சுற்றுத் திருப்பினீர்கள் என்று எழுதிய அந்தத் தாளைக் காட்டுங்கள். முன்பலகையின் உள்பக்கம் அதை ஒட்டி வைத்துவிட்டால் தொலையாது.